ஒரு செட்டுக்கு இரண்டாயிரம் ஜெம்ஸ்

ஸ்டீம் விளையாட்டுத் தளத்தில் கார்டு சேர்க்கிற, விற்கிற, ஒருவரோடொருவர் மாற்றிக்கொள்கிற தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தி மகன் முகம் வாடி வந்து நின்றான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். மொத்தம் ஐந்தே கார்டு கொண்ட ஒரு விளையாட்டின் செட்டில் நான்கு கார்டு அவனிடம் இருந்தது. ஐந்தாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது, விளையாட்டில் பழக்கமான ஒருவர் பேச்சுக் கொடுத்திருக்கிறார். "நாலுக்கு நாலு மாத்திக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை" என்று சொல்லி, இவன் வைத்திருந்த நான்கையும் வாங்கிக்கொண்டு, வேறொரு விளையாட்டின் நான்கு கார்டைக் கொடுத்திருக்கிறார். அந்தச் செட்டில் மொத்தம் பதினைந்து கார்டு. மார்க்கெட்டில் அவன் கொடுத்தது ஒவ்வொன்றும் 13 சென்ட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தது. வாங்கியது 5 சென்ட். "எண்ணிக்கை சரியாத்தானே அண்ணா இருந்துச்சு?" என்று கேட்டான்.

ரூபாயில் பார்த்தால் முப்பதுக்குள் அடங்குகிற விஷயம். ஆனால் அவன் மூன்று வாரம் பள்ளி விட்டு வந்து விளையாடியும் மாற்றியும் சேர்த்தது அது. அவனை நம்பவைத்து ஏமாற்றியது எனக்கு வலித்தது. அன்று மாலை ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவனுக்குச் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல். உங்களில் பலருக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். மீதிப் பாதிக்காகப் பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்டீமில் இந்தக் கார்டுகள் 2013 ஜூனில் எல்லோருக்கும் வந்தன. அதற்கு ஆறு மாதம் முன்பே, 2012 டிசம்பரில், கம்யூனிட்டி மார்க்கெட் திறந்துவிட்டது. எனவே கார்டு பிறக்கும்போதே விற்க ஒரு கடைத்தெரு தயாராக இருந்தது. ஒரு செட்டில் 5 முதல் 15 கார்டு வரை இருக்கும். விளையாட்டை வாங்கி ஓடவிட்டால் செட்டில் பாதியளவுதான் டிராப் ஆகும், அதாவது தானாக விழும்: 6 கார்டு செட்டில் 3, 8-இல் 4, 15-இல் 8. மீதிப் பாதிக்கு நீங்கள் யாரிடமாவது போய்த்தான் ஆக வேண்டும். யாரும் தனியாக ஒரு செட்டை முடிக்க முடியாதபடி, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் வேண்டுமென்றே இப்படி அமைத்தது. விலை என்ற ஒன்று உண்டாவதே இந்தப் பாதிப் பற்றாக்குறையால்தான்.

செட் முடிந்தால் பேட்ஜ் செய்யலாம். செய்த உடனே கார்டுகள் மறைந்துவிடும். கையில் 100 எக்ஸ்பி (ஸ்டீம் லெவலை ஏற்றும் புள்ளி), ஒரு புரொஃபைல் பின்னணிப் படம், ஒரு எமோட்டிகான் வரும். ஒரு விளையாட்டுக்கு ஐந்து லெவல் வரை பேட்ஜ் செய்யலாம், அதாவது ஐந்து செட். ஒரு கார்டின் ஆறாவது பிரதி பேட்ஜ் செய்ய உங்களுக்கு உதவாது, விற்கலாம் அல்லது மாற்றலாம். கார்டின் மதிப்பைத் தேடுகிறவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதுதான்: தனிக் கார்டை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. செட்டை முடிக்கத்தான் வாங்குகிறார்கள். எனவே ஒரு கார்டு என்பது ஒரு செட்டின் பங்கு. ஐந்தில் ஒரு பங்கும் பதினைந்தில் ஒரு பங்கும் ஒன்றாக முடியாது.

இதை வாய்ச்சொல்லாக நம்ப வேண்டாம். ஸ்டீமே இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அதுதான் ஜெம்ஸ். வேண்டாத கார்டையும் பின்னணிப் படத்தையும் உடைத்து ஜெம்ஸாக்கலாம். ஆயிரம் ஜெம்ஸைக் கட்டி ஒரு மூட்டையாக மார்க்கெட்டில் விற்கலாம், வாங்கலாம். உங்களிடம் இருக்கும் விளையாட்டுக்கு, அதே ஜெம்ஸைக் கொடுத்து பூஸ்டர் பேக் செய்யலாம். ஒரு விளையாட்டுக்கு 24 மணி நேரத்தில் ஒரு பேக். பேக்கில் 3 கார்டு. எத்தனை ஜெம்ஸ் செலவாகும் என்பதற்குக் கணக்கு எளிது: 6000-ஐச் செட்டில் உள்ள கார்டு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 5 கார்டு செட்டுக்கு 1200. 8 கார்டு செட்டுக்கு 750. 15 கார்டு செட்டுக்கு 400.

இப்போது மூன்றால் வகுத்து, ஒரு கார்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். 5 கார்டு செட்டில் ஒரு கார்டு 400 ஜெம்ஸ். 8-இல் 250. 15-இல் 133 சொச்சம். அதையே முழுச் செட்டுக்குப் பெருக்குங்கள். ஐந்து நானூறு இரண்டாயிரம். எட்டு இருநூற்றைம்பது இரண்டாயிரம். பதினைந்தால் பெருக்கினாலும் அதே இரண்டாயிரம்தான்.

எந்த விளையாட்டாக இருந்தாலும், எத்தனை கார்டு இருந்தாலும், ஒரு முழுச் செட்டின் ஜெம்ஸ் விலை 2000. இரட்டைக் கார்டு விழுவதையும் அவ்வப்போது ஃபாயில் என்ற அரிய வகைக் கார்டு விழுவதையும் இதில் கழிக்கவில்லை. ஆனாலும் அளவுகோல் இதுதான். என் தம்பி கொடுத்த நான்கும் 1600 ஜெம்ஸ். வாங்கிய நான்கும் சுமார் 533. அவன் கையிலிருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரே மாற்றில் போயிற்று. இதை நோட்டில் எழுதிக் காட்டியபோது அவன் சற்று நேரம் பேசவே இல்லை.

"அப்படின்னா எல்லா செட்டும் ரெண்டு மூட்டை ஜெம்ஸ் விலைக்குத்தான் விக்கணுமே?" என்று பிறகு கேட்டான். நல்ல கேள்வி. விற்காது, ஏனென்றால் இது உச்சிக்கூரை. விலை இதற்கு மேலே ஏறினால், ஜெம்ஸ் வைத்திருப்பவர்கள் பேக் செய்து கொண்டுவந்து கொட்டுவார்கள், விலை இறங்கும். கீழே இறங்குவதற்கு அப்படியொரு தடை இல்லை. லட்சக்கணக்கானவர்கள் வாங்கிய விளையாட்டென்றால், டிராப் ஆன கார்டே சந்தையை நிரப்பிவிடும். அங்கே யாரும் பேக் செய்ய மாட்டார்கள். விலை 3 சென்ட் வரை போய் நிற்கும்.

ஏன் 3 சென்ட்? கட்டணக் கணக்கை எத்தனை பேர் கவனித்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. என்னைக் கேட்டால், சின்ன கார்டு விற்கிற ஒவ்வொருவரும் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் ஸ்டீமுக்கு 5 சதவீதம், விளையாட்டு நிறுவனத்துக்குப் பொதுவாக 10 சதவீதம். இந்தச் சதவீதம் வாங்குபவர் கொடுக்கும் தொகையில் போடப்படுவதல்ல, விற்பவர் கையில் கிடைக்கும் தொகையின் மேல் ஏற்றப்படுவது. இரண்டும் ஒவ்வொரு சென்ட்டுக்குக் குறையக்கூடாது. பின்னம் வந்தால் கீழே தள்ளிவிடுவார்கள். எனவே 3 சென்ட்டுக்கு விற்றால் உங்களுக்கு 1 சென்ட். மூன்றில் இரண்டு பங்கு கட்டணமாகப் போகிறது. 5 சென்ட்டுக்கு விற்றால் 3. 12 சென்ட்டுக்கு விற்றால் 10. 21 சென்ட்டுக்கு விற்றால் 19 கிடைக்கும், கட்டணம் இன்னும் இரண்டே சென்ட்தான். 23-க்கு விற்றால் 20. அதாவது வாங்குபவர் இரண்டு சென்ட் கூடுதலாகக் கொடுத்தும் உங்களுக்கு ஒரு சென்ட்தான் கூடுகிறது. ஒரு டாலர் 15 சென்ட்டுக்கு விற்றால் ஒரு டாலர். சென்ட்டில் சொன்னால் கணக்கு தெளிவாகத் தெரியும் என்பதால் இப்படிச் சொல்கிறேன். நமக்குத் திரையில் ரூபாயில் தெரியும். எண் மாறும், போக்கு இதேதான்.

இந்தக் கட்டணத்தை ஜெம்ஸ் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். ஆயிரம் ஜெம்ஸ் மூட்டை 40 சென்ட் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 5 கார்டு செட்டின் பேக் 48 சென்ட் ஆகும். அதிலிருந்து வரும் மூன்று கார்டில் ஒவ்வொன்றும் கையில் 16 சென்ட் தந்தால்தான் முதல் திரும்பும். அதற்கு 18 சென்ட்டுக்கு விற்க வேண்டும். 15 கார்டு செட்டின் பேக் 16 சென்ட். 7 சென்ட்டுக்கு விற்றால் கையில் 5 வீதம் 15, கைநஷ்டம். 8-க்கு விற்க வேண்டும். ஆக உச்சிக்கூரை ஒன்றில் 18, மற்றொன்றில் 8. முழுச் செட்டாக வாங்கினால் ஐந்து கார்டு செட் 90 சென்ட், பதினைந்து கார்டு செட் 1 டாலர் 20. ஜெம்ஸ் கணக்கில் சமமாக இருந்த இரண்டும் மார்க்கெட்டில் சமமாக இல்லை. வித்தியாசத்தில் பெரும்பகுதி ஒவ்வொரு கார்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த இரண்டு சென்ட்தான், மீதி முழு சென்ட்டாக்குவதால் வருவது. அடிமட்டத்திலும் அப்படியே: 3 சென்ட் கார்டு ஐந்து என்றால் 15, பதினைந்து என்றால் 45. பேட்ஜுக்காகப் பணம் போட்டு வாங்குகிறவர்கள் சின்ன செட்டைத் தேடுவது இதனால்தான். பெரிய செட்டை மாற்றிக்கொண்டு முடிப்பதுதான் சரி, ஏனென்றால் மாற்றுக்குக் கட்டணம் இல்லை.

இதே காரணத்தால், 3 சென்ட் கார்டை விற்பதற்கு முன் அதை உடைத்தால் எத்தனை ஜெம்ஸ் வரும் என்று பாருங்கள். மூட்டை 40 சென்ட் என்றால் உங்கள் கைக்கு வரும் 1 சென்ட்டுக்கு 25 ஜெம்ஸ்தான் கிடைக்கும். கார்டு அதைவிட அதிகம் தந்தால், பேக் செய்கிற பழக்கமும் உங்களுக்கு இருந்தால், உடைப்பதே லாபம்.

சரி, மார்க்கெட்டில் எந்த எண்ணைப் பார்த்து விலை முடிவு செய்வது? சின்ன வயதில் அப்பாவோடு பொள்ளாச்சி மாட்டுச்சந்தைக்குப் போயிருக்கிறேன். தரகர்கள் துண்டுக்குள் கையை நுழைத்து விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூட என்ன விலைக்கு முடிந்தது என்று தெரியாது. வீடு திரும்பும்போது அப்பா, "கேட்ட விலையை வெச்சு எதையும் சொல்ல முடியாது, முடிஞ்ச விலைதான் விலை" என்பார். ஸ்டீம் மார்க்கெட்டில் அந்தத் துண்டு இல்லை. முடிந்த விற்பனையின் இடைநிலை விலை நாள்வாரியாக வரைபடத்தில் இருக்கிறது. எத்தனை விற்றது என்பதும் இருக்கிறது. வாங்கக் காத்திருப்பவர்கள் என்ன விலைக்கு ஆணை போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதும் கீழே தெரிகிறது. இவ்வளவும் கண்முன் இருந்தும் நம்மில் பலர் மேலே தெரிகிற விற்பனை விலையை மட்டும் பார்க்கிறோம். அது ஒருவர் கேட்கிற விலை. நாளுக்கு நூறு கார்டு கைமாறுகிற இடத்தில் கேட்கிற விலையும் முடிகிற விலையும் நெருக்கமாக இருக்கும். வாரத்துக்கு ஒன்று விற்கிற கார்டில் யாரோ ஒருவர் 2 டாலர் என்று போட்டு வைத்திருப்பார், கடைசியாக 30 சென்ட்டுக்கு விற்றிருக்கும். "மார்க்கெட்டில் இதன் விலை 2 டாலர், பார்" என்று சொல்லி உங்களிடம் மாற்றுக்கு வருகிறவர்கள் இந்த வகைக் கார்டோடுதான் வருவார்கள். ஃபாயில் கார்டில் இது மிக அதிகம். ஃபாயில் அரிது என்பது உண்மை. ஆனால் அதை வாங்குபவர்களும் அரிது.

நாளும் கிழமையும் பார்க்க வேண்டும். புது விளையாட்டு வந்த முதல் நாட்களில் கார்டு விலை உச்சியில் இருக்கும், முதல் பேட்ஜ் செய்ய ஆசைப்படுகிறவர்கள் கொடுப்பார்கள். டிராப் கூடக்கூட இறங்கும். விளையாட்டு பெரிய தள்ளுபடியிலோ வேறு நாலைந்து விளையாட்டோடு சேர்ந்த தொகுப்பிலோ வந்தால் மறுநாளே கார்டு குவியும். பல கோடைக்கால, குளிர்காலத் தள்ளுபடிகளில் பேட்ஜ் செய்தால் சிறப்புக் கார்டு கிடைக்கும் என்று அறிவிப்பார்கள். அப்போது வாங்குபவர்களும் கூடுவார்கள், விளையாட்டு வாங்கக் காசு வேண்டுமென்று விற்பவர்களும் கூடுவார்கள். மொபைல் ஆத்தென்டிகேட்டர் இல்லாமல் விற்பனைக்குப் போட்டால் 15 நாள் வரை நிறுத்தி வைப்பார்கள். புது கார்டுக்கு 15 நாள் என்பது விலை நன்றாக இறங்கிவிடக்கூடிய காலம்.

கார்டு எப்படிப் பெருகுகிறது என்பதில் ஒரு கண் எப்போதும் இருக்க வேண்டும். 2014 டிசம்பரில் ஜெம்ஸை அறிமுகப்படுத்தி, அதை வைத்து விளையாட்டுகளை ஏலம் விட்டார்கள். தொடங்கிய உடனேயே சிலர் ஜெம்ஸை நகலெடுக்க ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஜெம்ஸ் விலை சரிந்தது. ஏலத்தை நிறுத்தி, சரிசெய்து, பிறகுதான் மறுபடி தொடங்க முடிந்தது. 2017 மே மாதத்தில் வேறொரு சங்கதி வெளியே வந்தது. கார்டுக்காகவே போலி விளையாட்டுகளைத் தயாரித்து, ஆயிரக்கணக்கான தானியங்கி (பாட்) கணக்குகளில் ஓடவிட்டு, விழுகிற கார்டை விற்றுக் காசு பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று வால்வே சொன்னது. அதிலிருந்து, ஒரு விளையாட்டை உண்மையான ஆட்கள் வாங்கி ஆடுகிறார்கள் என்று போதிய நம்பிக்கை வரும்வரை கார்டு டிராப் ஆகாது. அந்த எல்லையைத் தாண்டியதும், முன்பே விளையாடியவர்களுக்கும் சேர்த்து விழத் தொடங்கும். பிரபலமாகாத விளையாட்டொன்றின் கார்டு திடீரென்று மார்க்கெட்டில் வந்தால், அடுத்தடுத்த நாட்களில் எவ்வளவு வரப்போகிறது என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

மாற்றுக்கு வருகிறேன், தம்பி ஏமாந்த இடம் அதுதான். 2012-இல் வால்வ் யானிஸ் வரூஃபாகிஸ் என்ற பொருளாதார அறிஞரைப் பணியில் அமர்த்தியது. 2015-இல் கிரேக்க நாட்டு நிதியமைச்சரானவர் அவர்தான். டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாட்டில் பணமில்லாமல் பொருளுக்குப் பொருள் நடந்த பண்டமாற்றை அவர் ஆராய்ந்தார். ஒன்றைக் கொடுத்து இரண்டாவதை வாங்கி, அதைக் கொடுத்து மூன்றாவதை வாங்கினால், நேரடியாக மாற்றுவதைவிட லாபம் வருகிறதா என்பது அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று. அந்தக் கேள்வியை நீங்களும் ஒவ்வொரு மாற்றுக்கு முன்பும் கேளுங்கள். நான் இந்தக் கார்டை விற்று, கையில் வருகிற காசில் அவர் கொடுக்கிற கார்டை வாங்கினால் எத்தனை வாங்கலாம்? தம்பியின் நான்கு கார்டை விற்றிருந்தால் கட்டணம் போக 44 சென்ட் கிடைத்திருக்கும். அதில் அந்த 5 சென்ட் கார்டு எட்டு வாங்கலாம். அவனுக்குக் கிடைத்தது நான்கு.

ஒரே விளையாட்டின் சாதாரணக் கார்டுக்குள் ஒன்றுக்கு ஒன்று மாற்றுவது நெடுநாள் வழக்கம், தாராளமாகச் செய்யுங்கள். அதில் இருவருக்குமே செட் நகரும். வேறு வேறு விளையாட்டு என்றால் செட்டின் எண்ணிக்கையையும் முடிந்த விலையையும் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். அவசரப்படுத்துகிறவரிடம் நாளை சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

பேட்ஜின் மதிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்டீம் கணக்கின் முதல் பத்து லெவலுக்கு ஒவ்வொன்றுக்கும் 100 எக்ஸ்பி, அடுத்த பத்துக்கு 200, அதற்கடுத்த பத்துக்கு 300 என்று ஏறிக்கொண்டே போகும். பேட்ஜால் மட்டுமே 50-ஆவது லெவலை எட்ட 15,000 எக்ஸ்பி, அதாவது 150 பேட்ஜ். செட் ஒன்று 40 சென்ட்டுக்கே கிடைத்தாலும் 60 டாலர், நம் காசில் ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வரும். அதற்குக் கிடைப்பது, நண்பர் பட்டியலில் லெவலுக்கு ஐந்து இடமும், பத்து லெவலுக்கு ஒரு காட்சிப் பலகையும், டிராப் தீர்ந்த விளையாட்டுக்குப் பூஸ்டர் பேக் விழுகிற வாய்ப்பு கூடுவதும். புரொஃபைலை அழகாக வைத்துக்கொள்வது எனக்கும் பிடிக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பூஸ்டர் பேக்கை நம்பிப் பணம் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மார்க்கெட்டில் விற்ற காசு ஸ்டீம் வாலட்டுக்குத்தான் வரும். அங்கிருந்து வங்கிக் கணக்குக்கு எடுக்க வழியில்லை. ஸ்டீமுக்கு வெளியே அதற்கு மதிப்பு இல்லை என்று நாம் எல்லோரும் படிக்காமல் சம்மதித்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. எப்படியும் வாங்கப் போகிற விளையாட்டுக்கு அந்தக் காசு உதவினால் வாலட் ரூபாய் ஒரு ரூபாய். வாங்கும் எண்ணமே இல்லையென்றால் அது கையில் இல்லாத காசு. "உன் வாலட் காசை எனக்குக் கொடு, ஜிபேயில் அனுப்புகிறேன்" என்று வருகிறவர்களிடம் கணக்கையே இழந்த பையன்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவன் வீட்டில் அம்மா அப்பாவின் வங்கிக் கார்டு எண்ணும் அதே கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அப்படி யாராவது அழைத்தால் வீட்டில் பெரியவர்களிடம் சொல்லுங்கள், திட்டுவார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள். என் தம்பி அன்று வந்து சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது.

அவனுடைய நான்கு கார்டும் திரும்பி வரவில்லை. கேட்டுப் பார்த்தோம், அந்த ஆள் பதில் சொல்லாமல் நட்பை முறித்துக்கொண்டார். கையிலிருந்த பதினைந்து கார்டு செட்டின் நான்கையும் அதே விளையாட்டு ஆடுகிற ஒரு மதுரைப் பையனோடு ஒன்றுக்கு ஒன்று மாற்ற ஆரம்பித்திருக்கிறான். ஐந்து கார்டு செட்டுக்கு 11 சென்ட்டில் வாங்கும் ஆணை போட்டு வைத்தோம். இரண்டு கார்டு வந்துவிட்டது. இன்னும் மூன்று வர வேண்டும். வரைபடத்தைத் தினமும் அவனே பார்க்கிறான்.

அன்புடன்,
உங்களைப் போலவே கார்டு சேர்க்கும் ஓர் அண்ணன்